பூட்டி வைத்தால் கெடும் பொக்கிஷம்

பழைய நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம், தேயாது. பழைய காரை அப்படி வைத்தால் வந்தது ஆபத்து!

ஜெர்மனியில் 1954-ல் பிறந்த மெர்ஸிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல். காரைப் பாருங்கள். பறவை சிறகு விரித்தாற்போல் கதவுகள் மேல்நோக்கித் திறக்கும் அழகி! அவளுக்குக் கார்புரேட்டர் கிடையாது. ஒரு பம்பு பெட்ரோலை அளந்து, ஆறு சிலிண்டர்களுக்குள்ளும் நேரே பீய்ச்சுகிறது.

இதில்தான் வினை. சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும், எஞ்சின் சுழன்று ஓயும்வரை பம்பு பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல், சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் பசையைக் கழுவிக்கொண்டு இறங்கி, எஞ்சின் எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெய் நீர்த்தால் எஞ்சின் தேயும்.

தெருக்கோடிவரை ஓட்டிவிட்டு உறை போட்டு மூடினால் கோளாறு வளரும். எண்ணெய் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டினால், கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போகும். எண்ணெய் அளக்கும் கம்பியை முகர்ந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால் உடனே எண்ணெயை மாற்ற வேண்டும். வடிகட்டியும் சுத்தமாக இருக்கட்டும். இந்தப் பம்பு தூசியைப் பொறுக்காது.

1963 வரை, திறந்த கார்களையும் சேர்த்து, 3,258 வண்டிகளே செய்தார்கள். அப்படியொன்று உள்ள வீட்டு அம்மாள், "ஞாயிற்றுக்கிழமை தூரமாக எங்காவது போய் வரலாமே!" என்று கேட்டால், அது காருக்கும் வைத்தியம்!