திருடன் சொல்லித்தரும் ஆங்கிலம்

ஜிஆர்இ எழுதப் போகிற பையன்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் உத்தி இது. ‘அபேஸ்’ என்றால் ஆங்கிலத்தில் தாழ்த்துதல். எப்படி ஞாபகம் வைப்பது? பஸ்ஸில் பர்ஸை அபேஸ் பண்ணியவன் மாட்டிக்கொண்டால் மானம் போகுமில்லையா, அவ்வளவுதான். மறக்கவே மறக்காது. எனக்கும் மறக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் பெரும்பாலும் ஒருவர் தன்னைத்தானே தாழ்த்திக்கொள்வதற்கே வரும், நாணயத்தின் மதிப்பைக் குறைத்தால் அதன் பங்காளியான ‘டிபேஸ்’தான் வரும் என்பதையெல்லாம் அந்தத் திருடன் சொல்லித்தர மாட்டான்.

உத்தி வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. அட்கின்சனும் ராவும் 1975இல் வெளியிட்ட ஆய்வில், 120 ரஷ்யச் சொற்களை இப்படி ஒலியும் படமுமாக இணைத்துப் படித்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் அங்கே கேட்கப்பட்டது சொல்லுக்குப் பொருள். பேச்சல்ல, எழுத்தல்ல.

மனப்பாடத்தின் மீதும் எனக்குக் கோபமில்லை. திண்ணைப் பள்ளிகளில் நிகண்டை நெட்டுருப் போட்டவர்கள்தானே நம் ஆட்கள்? ஆனால் சூடாமணி நிகண்டில் தேவர், மக்கள், விலங்கு, மரம் என்று சொற்கள் சொந்தபந்தத்தோடு வரும். ஆங்கிலத்திலும் அது முடியும். ‘அக்ரிகேட்’ மார்க் தெரியாத இன்ஜினியரிங் மாணவன் உண்டா? அதற்குள் இருப்பது மந்தை என்று பொருள்படும் லத்தீன் சொல். மந்தையில் சேர்த்தால் அக்ரிகேட், பிரித்தால் செக்ரிகேட், மந்தையோடு இருக்கப் பிடித்தவர் கிரிகேரியஸ். மந்தையைவிட்டுத் தனியே துருத்தி நிற்பது இக்ரீஜியஸ். ஒருகாலத்தில் பாராட்டு, இன்றைக்குப் படுமோசமான தவறுக்குச் சொல்வது. உத்திக்காரர்களோ ‘கிரெக்’ என்று ஒரு அமெரிக்கனைப் பிடித்து வந்து, அவன் எல்லோரோடும் பழகுவான் என்கிறார்கள். பாவம், அந்த கிரெக்குக்கு ஒரு சொந்தக்காரன்கூடக் கிடையாது.

இத்தனைக்கும் 2011 ஆகஸ்டிலேயே எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை ஜிஆர்இ தூக்கிவிட்டது. மிச்சமிருப்பது எல்லாம் வாக்கியத்துக்குள்ளும் பத்திக்குள்ளும்தான். நம் பையன்களின் பட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் டீமில் ஒரு பையன். ஆயிரக்கணக்கான சொல் தெரியும், மீட்டிங்கில் வாய் திறக்க மாட்டான். ‘நோட்டோரியஸ்’: நோட்டீஸில் பேர் போடுமளவுக்குப் பிரபலம் என்று படித்திருக்கிறான். சோதனைப் பிரிவைப் பாராட்டி வாடிக்கையாளருக்கு மெயில் போட்டான், எங்கள் நோட்டோரியஸ் டெஸ்டிங் டீம் என்று. அரை மணி நேரத்தில் பதில் வந்தது: அவர்கள் என்ன செய்தார்கள்?