வெளிச்சம் கூடினால் அச்சம் குறையுமா?

பொழுதுபட்டபின் பூங்காவில் நடக்க எமது முதியவர்கள் தயங்குகிறார்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் போதும் என்று நினைக்கிறோம். சான் ஹோசே நகரமும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தது. 1881இல், ஒரே கோபுரத்தால் நகரின் நடுப்பகுதிக்கே ஒளியூட்டலாம் என நம்பி 237 அடி உயரத்தில் மின்விளக்குகளை ஏற்றினார்கள். எதிர்பார்த்த வெளிச்சம் தெருக்களுக்குக் கிடைக்கவில்லை. 1915இல் புயற்காற்றில் கோபுரமும் சரிந்தது.

இன்றைய சிக்கல் எல்.ஈ.டி. விளக்குகளின் நீலம் கூடிய வெள்ளொளி. அது கண்ணைக் கூசவைக்கும், உறக்கத்தையும் கெடுக்கும். ஆகவே தெருவிளக்கின் ஒளிநிறம் 3000 கெல்வினைத் தாண்டக்கூடாது, ஒளி சிதறாதபடி மறைப்பும் வேண்டும் என அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது.

காவலரண்களின் தேடொளி எவ்வளவு பிரகாசமாக இருந்தும் எமக்குப் பாதுகாப்பைத் தரவில்லை. மின்சாரமில்லாத 1990களின் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றித்தான் வீடே கூடியது.

எதிரே வருபவரின் முகம் தெரிந்தால்தான் அந்த இடத்தில் அச்சம் நீங்கும். கலிபோர்னியாவிலோ நியூ ஜேர்சியிலோ டெக்சாசிலோ நகரசபையிடம் போகும்போது, இன்னும் வெளிச்சம் என்று மட்டும் கேட்காமல், தாழ்வான, மஞ்சள் சார்ந்த, நிலம் நோக்கிய விளக்குகளைக் கேட்போம்.