தீ அணைந்த பிறகு வருவது யார்?

சித்தையன்கோட்டையில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். அது கொடைக்கானல் கீழ்மலை.

மாசி, பங்குனி வந்துவிட்டால் மலைச்சரிவில் புல் காய்ந்து சருகாகிவிடும். அப்போது ஒரு பொறி விழுந்தால் போதும். இரவில் அடிவாரத்து ஊர்களிலிருந்து பார்ப்பவர்களுக்கு, மலைமேல் சிவப்புக் கயிறு ஒன்று நெளிவது போல் இருக்கும். குழந்தைகள் வேடிக்கை பார்ப்பார்கள். பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

தீ அணைந்ததும் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள்.

ஆனால் பெரிய வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. எரிந்த இடத்தில் சாம்பல் கிடக்கிறது. அதைக் கவனிப்பது யார்?

அமெரிக்காவில் சில கிறிஸ்தவத் தொண்டர் படைகள் இந்த வேலைக்கென்றே புறப்பட்டு வருகின்றன.

சல்லடையும் சாம்பலும்

2025 ஜனவரி 7-ந் தேதி, லாஸ் ஏஞ்செல்ஸ் நகரை ஒட்டிய மலைகளில் தீப்பிடித்தது. சூறைக்காற்று அதை ஊருக்குள் தள்ளிக்கொண்டு வந்தது. 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன. சுமார் 30 பேர் மாண்டார்கள். கோடீசுவரர்களின் மாளிகையும் எரிந்தது. சம்பளக்காரரின் சிறு வீடும் எரிந்தது.

தீ அடங்கியதும், ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்த தொண்டர்கள் வந்தார்கள். அவர்கள் 'சமாரிட்டன்ஸ் பர்ஸ்' என்ற கிறிஸ்தவ உதவிச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். 1970-ல் தொடங்கிய சங்கம் அது. அடிபட்டு வழியில் கிடந்த அந்நியனைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதை பைபிளில் இருக்கிறது. அந்தக் கதையிலிருந்து எடுத்த பெயர்தான் இது.

இவர்கள் செய்யும் வேலை என்ன?

வீட்டுக்காரர் சம்மதம் தந்த பிறகே மனைக்குள் காலை வைக்கிறார்கள். உடம்பு முழுவதையும் மூடும் வெள்ளை அங்கி, முகமூடி, கையுறை எல்லாம் அணிந்துகொள்கிறார்கள். சாம்பலை மண்வெட்டியால் அள்ளிச் சல்லடையில் போட்டுச் சலிக்கிறார்கள். வீட்டில் மாவு சலிப்பது போலத்தான்.

ஒரு குடும்பத்துக்குக் கல்யாண மோதிரம் கிடைக்கலாம். இன்னொரு குடும்பத்துக்குப் பாட்டி வைத்திருந்த பீங்கான் கோப்பை கிடைக்கலாம். விலை போட்டால் சொற்பம்தான். ஆனால் வீடும் துணியும் போட்டோவும் போன பிறகு, பழைய வாழ்க்கையிலிருந்து கைக்குக் கிடைக்கும் ஒரே பொருள் அதுவாக இருக்கும். அதைக் கையில் வாங்கியதும் அதுவரை வாய் திறக்காதவர்கள் கூட அழுதுவிடுவார்கள். அழுகை வந்தால் மனப்பாரம் கொஞ்சம் இறங்கும்.

இதற்குக் கூலி கிடையாது. வீட்டுக்காரரிடம் காசும் வாங்குவதில்லை.

இதே போல் 'மென்னோனைட்' என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கும் ஓர் உதவிப்படை உண்டு. 1950-ல் தொடங்கிய படை அது. 2018 நவம்பர் 8-ந் தேதி கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்தபோது 85 பேர் இறந்தார்கள். அங்கே மென்னோனைட் தொண்டர்கள் வீடு கட்டிக் கொடுக்கப் போனார்கள். பத்திரிகைக்காரர்கள் திரும்பிப் போன பிறகும் இவர்கள் தங்கி வேலை செய்தார்கள்.

குறை இல்லையா?

உண்டு. சமாரிட்டன்ஸ் பர்ஸ் தொண்டர்கள் வேலை முடிந்ததும் குடும்பத்தாரோடு ஜெபம் செய்கிறார்கள். பைபிள் ஒன்றைப் பரிசாகக் கொடுக்கிறார்கள். உதவி பெற எந்த மதம் என்று கேட்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. ஆனாலும் துயரத்தில் இருப்பவரிடம் மதம் பேசுவது சரியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. 'வேண்டாம்' என்பவருக்கும் அதே சல்லடை, அதே உழைப்பு கிடைக்கவேண்டும். அப்படிக் கிடைத்தால்தான் அது தொண்டு. இல்லையென்றால் அது வியாபாரம்.

தமிழ்நாட்டில் மனம் இல்லாமல் இல்லை

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மதம் பார்க்காமல் மீனவ மக்களுக்குச் சோறு போட்டார்கள். 2015-ல் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் கதவைத் திறந்தன.

2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீப்பிடித்தது. சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து மலையேறப் போனவர்கள் அதில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அன்று முதலில் மலைமேல் ஓடியவர்கள் அந்தப் பகுதி ஏழை ஜனங்கள். உத்தரவுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

ஆக, மனம் இருக்கிறது. ஆனால் வெள்ளத்துக்கும் புயலுக்கும் பழகிய கைகள் காட்டுத்தீயின் சாம்பலுக்கு இன்னும் பழகவில்லை.

மலை எரிந்தால் குடத்துக்கு ஆபத்து

இந்தப் பக்கத்தில் தீயில் எரிவது வீடுகளை விட மலைதான் அதிகம். 2024 ஏப்ரல் கடைசியில் கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் பக்கத்துக் காடுகள் பல நாள் எரிந்தன.

'மலைதானே எரிந்தது, ஊருக்கு என்ன?' என்று கேட்கலாம்.

கீழ்மலையில் பெய்யும் மழைதான் ஓடி வந்து ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தில் சேருகிறது. திண்டுக்கல் நகரம் நெடுங்காலமாக அந்தத் தண்ணீரைக் குடித்து வருகிறது. புல்லும் செடியும் வேரால் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவை எரிந்துபோனால் மண்ணுக்குப் பிடிப்பு இல்லை. அடுத்த மழையில் சாம்பலும் மண்ணும் சேர்ந்து ஓடைக்கு வரும். ஓடையிலிருந்து அணைக்கு வரும். அணை தூர்ந்தால் கொள்ளும் தண்ணீர் குறையும்.

இன்னும் பெரிய ஆபத்தும் உண்டு. 2017 டிசம்பரில் கலிபோர்னியாவில் மலை எரிந்தது. 2018 ஜனவரி 9-ந் தேதி அதே மலையில் கனத்த மழை பெய்தது. சேறும் பாறையும் உருண்டு வந்து மான்டெசீட்டோ என்ற ஊரில் 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. தீயில் தப்பியவர்களைச் சேறு வந்து பிடித்தது!

என்ன செய்யலாம்?

வீட்டுச் சாம்பலை அள்ளுவது போல் காட்டுச் சாம்பலை அள்ளக்கூடாது. அது மண்ணுக்கு உரம். எரிந்து விழுந்த மரத்தையும் இழுத்து வரக்கூடாது. சரிவில் குறுக்கே கிடந்தால் அது மண்ணைத் தடுக்கும்.

செய்யவேண்டியது வேறு. மழைக்கு முன் ஓடைகளில் கல்லை அடுக்கிச் சிறு தடுப்புப் போடலாம். பிரயாணிகள் எறிந்த பாட்டிலையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கலாம். புதுத் தளிர் வரும்வரை ஆடு மாடு மேயாமல் பார்த்துக்கொள்ளலாம். யூகலிப்டஸ் போல் சுலபமாகத் தீப்பிடிக்கும் மரங்களை விட்டு, அந்த மண்ணுக்கே உரிய மரங்களை வளர்க்கலாம். மலைக்கிராமத்தில் குடிசையோ வைக்கோல் போரோ இழந்த குடும்பம் இருந்தால், முதல் உதவி அங்கே போகவேண்டும்.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். ஆகவே வன இலாகாவிடம் கேட்டு, அதிகாரிகள் வழிகாட்ட, கூட்டமாகப் போகவேண்டும். பழக்கம் இல்லாதவர் தனியாகப் போனால் அவரைத் தேட இன்னொரு படை போகவேண்டி வரும்.

அமெரிக்கத் தொண்டர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது இந்த ஒழுங்குதான். முன்கூட்டியே பெயர் கொடுப்பது, பயிற்சி பெறுவது, சொன்ன வேலையைச் செய்வது, மற்றவர்கள் போன பிறகும் நிற்பது. இதற்குப் பெரிய பணம் வேண்டாம். கோவில் திருவிழாவுக்கும் சந்தனக்கூட்டுக்கும் கிறிஸ்துமசுக்கும் ஓடியாடி வேலை செய்யும் இளைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஆண்டுக்கு நாலு நாள் ஒன்றாக மலைக்குப் போனால் போதும்.

மலைமேல் தீ எரியும்போது ஊர் முழுவதும் பார்க்கிறது. தீ அணைந்த பிறகு மண்வெட்டியோடு போகிறவர்களை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் கோடையில் குழாயடியில் குடத்தோடு நிற்கும் தாய்மார்களுக்கு, அவர்கள் போட்ட வேலை தண்ணீராக வந்து சேரும்.