முதலில் இரண்டு வாளி
குப்பையை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கிறார்களாம், ஏ9 வீதியோரம் கனகராயன்குளத்துக்கும் அப்படியொன்று வந்தால் என்ன என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் கேட்டார். ஆசை நல்லதுதான், ஆனால் என் கண் கடை வாசல் வாளியில் நின்றது. தேயிலைச் சக்கை, சோறு ஒட்டிய லஞ்ச் சீற், வெட்டிப்போட்ட இளநீர்க் கோம்பை: எல்லாம் ஈரம். குறைந்த ஒட்சிசனில் சூடாக்கி வாயு பிரிக்கும் உலை கேட்பதோ உலர்ந்த, ஒரே சீரான தீனி. அது கிடைக்காவிட்டால் தார் படிந்து குழாய்கள் அடைபடும். ஓடும் நாளைவிடத் திருத்தும் நாளே கூடும். காசுக்கும் பொறியியலாளருக்கும் குறைவில்லாத இங்கிலாந்திலேயே, டீஸ் பள்ளத்தாக்கில் ஏர் புரொடக்ட்ஸ் நிறுவனம் கட்டத் தொடங்கிய இரண்டு பிளாஸ்மா வாயுவாக்க ஆலைகளும் தொழில்நுட்பம் சரிவராமல் 2016இல் கைவிடப்பட்டன. யப்பானில் இப்படியான ஆலைகள் ஓடுகின்றனவே என்பீர்கள். அங்கே வீட்டு வாசலிலேயே தரம் பிரித்துவிடுகிறார்கள். நம் நாட்டிலோ, கொழும்பருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 சித்திரைப் புத்தாண்டன்று சரிந்து உயிர்களைக் குடித்தபின், கெரவலப்பிட்டியில் 2021இல் திறந்த 10 மெகாவாட் குப்பை மின் ஆலைகூட வாயுவாக்குவதில்லை, நேரே எரிக்கிறது. அதற்கே தினமும் நூற்றுக்கணக்கான தொன் கொழும்புக் குப்பை வேண்டும். குப்பை அள்ளும் நமது உழவு இயந்திரப் பெட்டி எந்த மூலைக்கு? பிரதேச சபை முதலில் வீட்டுக்கு இரண்டு வாளி கொடுக்கட்டும், ஈரத்துக்கு ஒன்று, உலர்ந்ததுக்கு ஒன்று. ஈரக்குப்பை தோட்டத்துக்குப் பசளையாகட்டும். உலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.