குந்தத் தெரியாத உருவங்கள்



வட்டவடையில் பூண்டு பிடுங்கும் நாட்களில் என் அப்பத்தா காலை முதல் பொழுது சாயும் வரை குந்தியே இருப்பார். படிப்படியாக இறங்கும் மலைச்சரிவில் ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு எழாமலே நகர்வார். தொடை கெண்டைக்காலில் அழுந்தியிருக்கும். குதிகால் மண்ணில் ஊன்றியிருக்கும். எழுபது வயதைக் கடந்தவர். அந்த இருக்கையை அவருக்கு யாரும் கற்றுக் கொடுத்ததில்லை.

கணினி வரைகலைப் பாடத்துக்காக அவரை ஓர் உருவமாக்க எண்ணினேன். ஆயத்தமாகக் கிடைத்த மனித உருவம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். நிற்கச் சொன்னேன், நின்றது. நடக்கச் சொன்னேன், நடந்தது. நாற்காலியில் அமர்த்தினேன், ஒழுங்காக அமர்ந்தது. குந்த வைத்தேன். அவ்வளவுதான்! முழங்கால் மடங்கிய ரப்பர்க் குழாய் போல் நசுங்கிற்று. கெண்டைக்கால் தொடைக்குள் புகுந்து மறைந்தது. இடுப்பு காற்றுப் போன பந்தாயிற்று. அருகிலிருந்த நண்பர் சிரித்தார்: “இந்தக் காலத்தில் யாரப்பா குந்துகிறார்கள்? சேலையைப் போட்டு மூடிவிடு!”

அந்தச் சிரிப்புக்கு விடையாகவே இதை எழுதுகிறேன்.

உருவம் ஏன் நசுங்குகிறது? கணினி உருவத்துக்கு உள்ளே எலும்புச் சட்டகம் உண்டு. மேலே தோல் உண்டு. தோலின் ஒவ்வொரு புள்ளியும் அருகிலுள்ள எலும்புகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். முழங்காலருகே உள்ள புள்ளி பாதி தொடையெலும்புக்கு, பாதி கீழ்க்கால் எலும்புக்கு என்று வைத்துக்கொள்வோம். கால் மடங்கும்போது தொடை அப்புள்ளியை ஓரிடத்தில் வைக்கும். கீழ்க்கால் வேறிடத்தில் வைக்கும். கணினி இரண்டுக்கும் நடுவே வைத்துவிடும். மடக்கு சிறிதானால் கண்ணுக்குத் தெரியாது. மடக்கு பெரிதானால் அந்த நடுப்புள்ளி உள்நோக்கி விழும், சதை கரையும். கையை முறுக்கினாலோ, மணிக்கட்டு மிட்டாய்த் தாளின் முனைபோல் ஒடுங்கிவிடும்.

நடக்கும்போது நம் முழங்கால் ஏறத்தாழ 60 பாகை மடங்குகிறது. நாற்காலியில் 90. குந்தும்போது 130-க்கும் மேல். அந்த நிலையில் முழங்கால் வெறும் கதவுக் கீலன்று. எலும்பு எலும்பின்மேல் உருண்டும் வழுக்கியும் செல்கிறது. சதையைச் சதை நெருக்கிப் பிதுக்குகிறது. இவற்றையெல்லாம் சராசரிக் கணக்கு எப்படி அறியும்?

அறிஞர்கள் சும்மா இருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் லூயிஸ் முதலானோர் ஒரு வழி சொன்னார்கள்: ஒவ்வொரு நிலைக்கும் சரியான வடிவத்தை முன்கூட்டியே செதுக்கி வைத்து, உருவம் அந்நிலைக்கு வரும்போது திருத்தமாகச் சேர்ப்பது. 2007-இல் காவன் முதலானோர் புள்ளிகளைச் சராசரி செய்வதை விட்டு, சுழற்சிகளையே இரட்டைக் குவாட்டர்னியன் என்னும் கணிதத்தால் கலந்தார்கள். முறுக்கில் ஒடுங்குவது நின்றது. ஆனால் மடக்கில் மூட்டு புடைத்துக்கொண்டது. 2015-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் எஸ்.எம்.பி.எல். என்னும் உருவத்தைத் தந்தார்கள். அதில் திருத்தங்களைக் கையால் செதுக்கவில்லை. 40 பேரைப் பல நிலைகளில் முப்பரிமாணத்தில் பதிந்த ஏறத்தாழ 1,800 பதிவுகளிலிருந்து கணினியே கற்றுக்கொண்டது. உடல்வாகு வேறுபாடுகளை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுத்த அளவுகளிலிருந்து கற்றது.

இங்கேதான் என் கருத்து தொடங்குகிறது. கணிதத்தின்மேல் எனக்குக் குறையில்லை. கணிதத்துக்கு நாடுமில்லை, குலமுமில்லை. ஆனால் கண்டதைக் கற்கும் உருவம், காணாததை எப்படிக் கற்கும்? பூண்டுப் பாத்தியில் நாள் முழுதும் குந்தும் ஒரு கிழவியின் முழங்காலை அதற்கு யார் காட்டினார்கள்?

பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தில் கம்பன் பாட்டுக்கு ஆடும் பாவைகளுக்குப் பெரும்பாலும் ஒரு கை மட்டுமே அசையும். அதை யாரும் குறையென்று சொல்வதில்லை. பாவை தன்னைப் பாவையென்றே சொல்லிக்கொள்கிறது. கணினி உருவமோ “நான்தான் மனிதன்” என்று வந்து நிற்கிறது. வண்டியின் இருக்கையையும் தொழிற்கூடத்தின் மேடையையும் இத்தகைய உருவங்களை வைத்தே இன்று அளந்து பார்க்கிறார்கள். நாளை களைக்கொத்தையும் அளப்பார்கள். குந்தத் தெரியாத உருவம் அளந்த கருவி, குந்தி உழைப்பவர் கைக்குப் பொருந்துமா?

இது வீண் அச்சமன்று. முன்பே நடந்த கதை. காலிழந்த நம் நாட்டவருக்கு மேல்நாட்டுச் செயற்கைப் பாதம் பொருத்தப்பட்ட காலம் உண்டு. கணுக்கால் அசையாத அந்தப் பாதத்தால் குந்தவும் முடியாது, சம்மணமிடவும் முடியாது. செருப்பின்றி வயலில் இறங்கவும் முடியாது. 1968-இல் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து ரப்பரால் வேறொரு பாதம் செய்தார்கள். நம்மவர் எப்படி உட்காருகிறார்கள் என்பதை முதலில் பார்த்தார்கள், பிறகு செய்தார்கள். மரத்தாலும் ரப்பராலும் அவர்கள் செய்ததை, எண்களால் நம்மால் செய்ய முடியாதா?

“குந்துவோர் குறைந்து வருகிறார்களே” என்பீர்கள். உண்மைதான். நகரத்தில் நாற்காலி வென்றுவிட்டது. ஆனால் நாற்று நடுவோர் நாற்காலியில் அமர்ந்து நடுவதில்லை. பூக் கட்டுவோரும் பாய் முடைவோரும் தரையை விட்டு எழவில்லை. அவர்களைச் சேலையால் மூடிவிடு என்பது, தவறைத் திருத்துவதன்று. தவறு செய்த இடத்தில் திரை தொங்கவிடுவது.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வரைகலை பயிலும் மாணவர்களும் மருத்துவம் பயிலும் மாணவர்களும் ஒரு விடுமுறையில் ஒன்று கூடுவோம். குந்துதல், சம்மணம், மண்டியிடுதல், ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டல் ஆகிய நம் இருக்கைகளைப் பதிவு செய்வோம். பதிவு செய்யப்படுவோரின் ஒப்புதலைக் கேட்டுப் பெறுவோம். அவர்கள் பெயரைக் காப்போம். பதிவை எல்லார்க்கும் பொதுவாக்குவோம். இதற்கு ஒரு சில படக்கருவிகளும் பொறுமையும் போதும்.

என் அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். “நான் உட்கார்றதைப் படிக்கவா உன்னைக் காலேசுக்கு அனுப்பினோம்?” என்று கேட்டார். ஆம், அப்பத்தா. அதைத்தான் இன்னும் யாரும் சரியாகப் படிக்கவில்லை.