விளையாட்டிலும் வரவு செலவு

நம் இல்லச் சிறுவர்கள் கணிப்பொறியில் ஆடும் 'வாலரன்ட்' வெறும் துப்பாக்கிச் சண்டையென்றே பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். 2020இல் வெளிவந்த இவ்விளையாட்டில் கூட்டுக் குடும்பக் கணக்கும் உண்டு என்பதை அன்பர்களுக்கு அறிவிக்க விரும்புகிறோம்.

ஓர் அணிக்கு ஐவர். தொடக்கத்தில் ஒவ்வொருவர் கையிலும் 800 கிரெடிட். ஒரு சுற்றில் வென்றால் வரவு 3000, தோற்றால் 1900, மறுபடியும் தோற்றால் 2400. பலர் விரும்பும் 'வாண்டல்' துப்பாக்கி 2900. கனத்த கவசம் 1000. ஆக 3900 வேண்டும். முதற்சுற்றில் தோற்ற அணி, இரண்டாவதில் ஒன்றும் வாங்காது பொறுத்தால், அதிலும் தோற்றபோதிலும் மூன்றாவதில் ஐவரும் 4300க்குக் குறையாமல் வைத்திருப்பர். இடையில் ஒருவர் மட்டும் அவசரப்பட்டுச் செலவிட்டால், பிறர் ஆயத்தமாகும் வேளையில் அவர் கைத்துப்பாக்கியுடன் நிற்பார். அணியின் வலிமை குன்றும். மிகுதியுடையோர் இல்லாதார்க்கு வாங்கித் தரவும் விதியுண்டு.

ஆயினும் கருமித்தனமும் ஆகாது. 12 சுற்றுகள் முடிந்து அணிகள் பக்கம் மாறுகையில், சேர்த்ததெல்லாம் நீங்கி மீண்டும் 800இலிருந்தே கணக்குத் தொடங்கும். ஆதலின் பன்னிரண்டாம் சுற்றில் மிச்சம் பிடிப்பது வீண்.

ஊர்விட்டு வந்து ஒரு சம்பளத்தைப் பலர் பங்கிட்டு வாழும் நமக்கு இக்கணக்குப் புதிதன்று. பிள்ளைகளைக் கடிந்துகொள்ளுமுன், ஒரு மாதம் வீட்டுக் கணக்குப் புத்தகத்தை அவர்களிடம் ஒப்படைத்துப் பார்ப்போமாக.