அவன் விடுவான்னு நினைக்கலப்பா

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் நெல்லை டவுணில், ஒரு பள்ளிக்கூட ஹாலில் சிறுவர்களுக்கான செஸ் போட்டி நடந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஆடுகிறான் என்று அவன் அப்பாவோடு நானும் போயிருந்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கிறான். கடைசிச் சுற்றில் ஜெயித்தால் கோப்பை. தோற்றுவிட்டு வெளியே வந்தான்.

சந்திப் பிள்ளையார் முக்கு வரும் வரைக்கும் அப்பா வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஆரம்பித்தார். "ஏலே, கையில இருவது நிமிசம் மிச்சம் இருந்திருக்கு. அவன் ராணிய சும்மா விட்டிருக்கான். அதக்கூட பாக்காம என்னல ஆடுன?"

பையன் தலையைத் தூக்காமல் சொன்னான்: "அவன் விடுவான்னு நான் நினைக்கலப்பா."

அப்பாவுக்கு அது சாக்காகப் பட்டது. எனக்கோ விஸ்வநாதன் ஆனந்த் ஞாபகம் வந்தது.

2014 நவம்பர். ரஷ்யாவின் சோச்சி நகரில் உலக சாம்பியன் போட்டி. முந்தைய வருஷம் சென்னையில் தன்னிடமிருந்து பட்டத்தைப் பறித்த கார்ல்சனோடு ஆனந்த் மறுபடி மோதுகிறார். ஐந்து ஆட்டம் முடிந்து ஆளுக்கு இரண்டரைப் புள்ளி. ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் கை ஓங்கியிருந்தது. 26-வது நகர்த்தலில் அவர் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார். அது பெரிய தப்பு. ஆனந்த் குதிரையால் நடுவில் இருந்த சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டமே தலைகீழாகியிருக்கும். நகர்த்திய உடனே கார்ல்சனுக்குத் தன் தப்பு தெரிந்துவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவர் செய்யக்கூடிய ஒரே காரியம்.

ஆனந்த் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். ஏற்கெனவே அவர் மனதில் இருந்த திட்டம் அது. தள்ளிய பிறகுதான் அவருக்கும் விஷயம் புரிந்தது. அந்த ஆட்டத்தில் தோற்றார். 11 ஆட்டங்களில் போட்டியும் முடிந்து, ஆறரைக்கு நாலரை என்று கார்ல்சன் பட்டத்தைத் தக்க வைத்துக்கொண்டார்.

ஐந்து முறை உலக சாம்பியன் ஆனவர் அவர். கடிகாரமும் அப்போது அவரை நெருக்கவில்லை. கார்ல்சன் இப்படி ஒரு தப்பு செய்வார் என்று எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் டவுண் பையன் சொன்னதும் அதேதான்.

பத்து வருஷம் கழித்து, 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். சென்னைப் பையன் குகேஷுக்கு 18 வயது. 2013-ல் ஆனந்த் சென்னையில் தோற்றபோது கண்ணாடி அறைக்கு வெளியே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்த ஏழு வயதுச் சிறுவன். இப்போது சீனாவின் டிங் லிரேனோடு 14-வது ஆட்டம். அதுதான் கடைசி. ஆளுக்கு ஆறரைப் புள்ளி.

அந்தப் போட்டியின் நேரக் கணக்கு கடுமையானது. முதல் 40 நகர்த்தல்களுக்கு 120 நிமிடம். சராசரியாக நகர்த்தலுக்கு மூன்று நிமிடம். அதுவரை ஒரு விநாடிகூடக் கூடுதலாகக் கிடையாது. 40 தாண்டினால் 30 நிமிடம் கிடைக்கும். 41-வதிலிருந்து நகர்த்தலுக்கு 30 விநாடி சேரும். இதே போட்டியின் மூன்றாவது ஆட்டத்தில் 40-ஐத் தொடும் முன்பே டிங்குக்கு நேரம் தீர்ந்து, தோல்வி எழுதப்பட்டது.

கடைசி ஆட்டத்திலும் டிங்குக்கு நேரம் குறைவு. குகேஷிடம் தாராளமாக இருந்தது. குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல் என்றாலும் டிரா என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். 55-வது நகர்த்தலில் டிங் யானையை வெட்டுக்கு வெட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்து வைத்தார். யானைகள் போனால் பிஷப்புகளும் போய்விடும், மூலையில் மாட்டிய தன் பிஷப்பால் தப்ப முடியாது என்பதை அவர் கவனிக்கவில்லை.

இதில் எனக்குப் பிடித்த இடம் இனிதான். குகேஷும் அதை உடனே பார்க்கவில்லை! தன் யானையை வேறு கட்டத்துக்குக் கொண்டுபோகத்தான் இருந்தேன் என்று அவரே பிறகு சொன்னார். கை போகும் முன் இன்னொரு தடவை பலகையைப் பார்த்தார். அப்போது தெரிந்தது. யானையை வெட்டினார், பிஷப்பை மாற்றினார். 58-வது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொள்ள, உலக சாம்பியன் ஆகிவிட்டார். 1985-ல் 22 வயதில் காஸ்பரோவ் வைத்த சாதனையும் போயிற்று.

சோச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் இருப்பது அந்த இன்னொரு தடவை பார்த்தல்தான். நேரம் கையில் இருப்பது மட்டும் போதாது. 'நம்ம திட்டம்' என்று ஒன்று மனதில் ஓட ஆரம்பித்துவிட்டால், எதிராளி இப்போது என்ன செய்தான் என்பதே கண்ணில் படுவதில்லை. பரீட்சை ஹாலிலும் இதுதானே நடக்கிறது? எதிர்பார்த்து வந்த கேள்வி போலவே இருக்கிறது என்று எழுதத் தொடங்கி, கேட்டது வேறு என்று வெளியே வந்து தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நேரத்துக்கு முடித்த பிள்ளைகளும்தான்.

அதனால் கடிகாரத்தைக் காட்டித் திட்டுவதில் பலன் இல்லை. "எதிராளி எதற்காக இதை நகர்த்தினான், எதை விட்டுவிட்டு வந்தான்?" ஒவ்வொரு முறையும் காயைத் தொடும் முன் இதைக் கேட்டுக்கொள்ளப் பழக்கலாம். ஐந்து விநாடி ஆகும்.

ஆனந்தின் கதை சோச்சியோடு முடியவில்லை. 2017 டிசம்பரில், 48 வயதில், உலக ரேபிட் சாம்பியன் ஆனார். முழு ஆட்டத்துக்கும் 15 நிமிடமும், நகர்த்தலுக்குப் பத்து விநாடியும் மட்டுமே தரும் போட்டி அது. அதில் கார்ல்சனையும் தோற்கடித்தார். தவறவிட்ட ஒரு நகர்த்தலை வைத்து அவரை எடை போட்டிருந்தால் எவ்வளவு தப்பாகியிருக்கும்!

இதையெல்லாம் அன்றைக்கு நடந்துகொண்டே அந்த அப்பாவிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை. வாகையடி முக்கில் நின்று பையனுக்குச் சூடாக அல்வா வாங்கிக் கொடுத்தார். வீட்டு வாசலில் அவன் என்னைக் கேட்டான்: "ஆனந்த் அன்னைக்கு ராத்திரி தூங்கியிருப்பாரா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அடுத்த ஆட்டம் ஆடவேண்டியவர் எப்படியும் எழுந்து போய்ப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துதானே ஆகவேண்டும்? சாயங்காலம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் பலகை விரித்திருந்தது. எதிரே அப்பா.